பரவுவது வேறு, தொற்றுவது வேறு: மூளையில் புரதம் திரளும் விதம்

2024ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், அல்சைமர் நோய் ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குப் போயிருக்கக்கூடும் என்ற ஆய்வுச் செய்தி உலகெங்கும் வெளிவந்தது. இத்தகைய செய்தி இரண்டு மூன்று சொற்களாகச் சுருங்கும்போது ‘மறதி நோய் பரவும்’ என்றுதான் நிற்கும். காசநோய்க்குப் பயந்த காலத்தில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையில் தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்த பழக்கம் நெல்லைச் சீமை வீடுகளின் நினைவிலிருந்து இன்னும் முழுதாக அகலவில்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இந்தத் தலைப்பு வாசிக்கப்பட்டால், ஏற்கெனவே வழி தவறித் தெருவில் நிற்கும் தாத்தாவுக்குத் தம்ளரும் தனியாகிவிடும்.

குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரே மூளைக்குள் நோய் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்வதையும், ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் போவதையும் நாம் ‘பரவுதல்’ என்றே சொல்கிறோம். இக்கட்டுரையில் முதலாவதை மட்டும் பரவுதல் என்றும், இரண்டாவதைத் தொற்றுதல் என்றும் குறிப்போம். இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ள, புரதம் எப்படி மடிகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மடிப்பு என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்ட ஒரு சரம். மணிகளில் 20 வகை உண்டு. சரம் கோக்கப்பட்ட உடனேயே அது வேலைக்கு ஆகாது. குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்கு மடிந்த பிறகுதான் நொதியாகவோ, செல்லின் சட்டமாகவோ, செய்தி கொண்டு செல்லும் பொருளாகவோ அது இயங்கும். எந்த வடிவத்துக்கு மடிய வேண்டும் என்ற குறிப்பு மணிகளின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று சோதனை வழியே காட்டியவர் அமெரிக்க வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன். 1972இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சரம் எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும், எவற்றில் வளையவே முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் அடக்கிக் காட்டியது, 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த பணி. உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் இன்றைக்கும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். நம் பாடப்புத்தகங்கள் இதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.

இராமச்சந்திரன் வரைபடத்தில் சரம் வசதியாகத் தங்கும் இடங்களில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, சுருள்வில்லைப் போன்ற ஆல்ஃபா வடிவம். மற்றொன்று, சரம் நீண்டு விரிந்து நாடாவைப் போலக் கிடக்கும் பீட்டா வடிவம். நலமாக உள்ள உடலில் இரண்டுமே அளவோடு இருக்கின்றன. தவறாக மடியும் புரதங்களை நேராக்கும் உதவிப் புரதங்களும், நேராக்க முடியாதவற்றை நறுக்கி அழிக்கும் அமைப்புகளும் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. தோலின் செல் பழுதானால் உதிர்ந்துவிடும், புதியது வரும். மூளையின் நரம்புச் செல் பெரும்பாலும் நாம் பிறக்கும்போது வந்தது. எழுபது, எண்பது ஆண்டுகள் அதே செல் தன் குப்பையைத் தானே அள்ளியாக வேண்டும். வயது ஏற ஏற அள்ளும் வேகம் குறைகிறது. மறதி நோய் போன்ற, புரதம் திரளும் மூளை நோய்களுக்கு முதுமையே தலையாய காரணமாக இருப்பதை இங்கிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பாயாக அடுக்கப்படும் புரதம்

தவறாக மடிந்த புரதத்தில் பீட்டா நாடாக்கள் வெளியே தெரியும்படி கிடக்கும். நாடாவின் ஓரங்கள் அடுத்த மூலக்கூறின் நாடாவைப் பற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவை. பத்தமடையில் பாய் நெய்யும்போது ஒரு கோரைக்குப் பக்கத்தில் அடுத்த கோரை அடித்துச் சேர்க்கப்படுவதைப் போல, ஒரு மூலக்கூறின் மேல் அடுத்தது 0.47 நானோமீட்டர் இடைவெளியில் படிந்து, மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த இழையாக நீள்கிறது. இதற்கு அமிலாய்டு என்று பெயர். மாவுச்சத்தைப் போன்றது என்பது அப்பெயரின் பொருள். 1854இல் ருடால்ஃப் ஃபிர்கோ மூளைத் திசுவில் அயோடினைவிட்டபோது மாவுச்சத்து காட்டுவதைப் போன்ற நிறமாற்றம் தெரிந்ததால் வைத்த பெயர் அது. பொருள் புரதம் என்று பின்னால் தெரிந்தும் பெயர் மட்டும் மாறவில்லை.

பாய் நெய்யும் முறை ஒன்றுதான். கோரை மட்டும் நோய்க்கு நோய் மாறுகிறது.

1. அல்சைமர் நோயில் இரண்டு புரதங்கள் திரள்கின்றன. செல்லுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற 40 அல்லது 42 மணிகள் கொண்ட சிறு துண்டு படலமாகப் படிகிறது; 42 மணி கொண்டது ஒட்டும் தன்மை மிகுந்தது. செல்லுக்குள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிய நூல்சிக்காகத் தேங்குகிறது. 1906இல் அலாய்ஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தவை இவ்விரண்டையும்தான்.

2. பார்க்கின்சன் நோயில், அதாவது சித்த மருத்துவர்கள் நடுக்குவாதம் என்று சொல்லும் நோயில், 140 மணிகள் கொண்ட ஆல்ஃபா சைனூக்ளின் திரள்கிறது. இந்த உருண்டைகளை 1912இல் விவரித்த ஃப்ரிட்ஸ் லூவியின் பெயராலேயே அவை லூவி உருண்டைகள் எனப்படுகின்றன.

3. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயில் பெரும்பாலானோருக்கு டி.டி.பி.-43 என்ற புரதம் திரள்கிறது. 2006இல்தான் இது தெரியவந்தது.

4. ஹன்டிங்டன் நோய் முழுக்கப் பரம்பரை வழி வருவது. ஒரே மரபணுவில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதால் புரதம் நீண்டு திரள்கிறது.

5. க்ராய்ட்ஸ்ஃபெல்ட்–ஜேக்கப் நோயில் திரள்வது பிரியான் புரதம். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு மட்டுமே வரும் அரிய நோய் இது. ஆனால் மற்ற நான்கைப் புரிந்துகொள்ள வழிகாட்டியது இந்த ஐந்தாவதே.

கற்கண்டும் தயிரும்

இரவில் காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் காலையில் பானை முழுவதும் தயிர். உடன்குடிப் பக்கத்தில் பதநீரைப் பாகாகக் காய்ச்சிப் பல வாரங்கள் அசையாமல் வைத்தால், உள்ளே கட்டிய நூலில் பனங்கற்கண்டு கட்டிகட்டியாகப் படிகிறது. இரண்டிலும் ஒரு சிறு தொடக்கம் முழுப் பாத்திரத்தையும் மாற்றிவிடுகிறது. ஆனால் இரண்டும் நிகழும் விதம் வேறு.

தயிரை ஆக்குவது உயிருள்ள நுண்ணுயிர். அது பாலைத் தின்று, பெருகி, புளிப்பாக்குகிறது. உறைமோரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பால் தயிராகாது. கற்கண்டில் உயிர் எதுவும் கிடையாது. பாகில் மிதக்கும் சர்க்கரை மூலக்கூறு, ஏற்கெனவே அடுக்காக நிற்கும் மூலக்கூறுகளின் ஓரத்தில் வந்து, அதே அடுக்கில் தானும் நின்றுகொள்கிறது. வடிவம் வடிவத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். காய்ச்சலும் அம்மையும் தயிரின் வழியில் வருபவை. புரதம் திரளும் நோய்கள் கற்கண்டின் வழியில் நடப்பவை.

கற்கண்டு ஒப்புமையை இன்னும் சற்று நீட்டலாம், அது தாங்கும்.

1. முதல் துகள் உண்டாவதுதான் கடினம். பாகில் பல நாள் எதுவும் நடவாதது போலத் தோன்றுவதைப் போலவே, மூளையிலும் சில மூலக்கூறுகள் தற்செயலாகச் சரியான கோணத்தில் சேர்ந்து நிலைத்து நிற்கும் வரை நீண்ட காலம் கழிகிறது. இந்தத் தொடக்கத் துகளை வித்து என்பார்கள்.

2. வித்து கிடைத்துவிட்டால் வளர்ச்சி எளிது. நலமாக மடிந்திருந்த புரதமும் வித்தின் ஓரத்தில் வந்து சேரும்போது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது.

3. இழை உடைந்தால் நோய் குறைவதில்லை, பெருகுகிறது. ஓர் இழைக்கு இரண்டு முனை. இரண்டாக உடைந்தால் நான்கு முனை. ஒவ்வொரு முனையும் புதிய வித்து. இழையின் பக்கவாட்டிலும் புதிய வித்துகள் பிறப்பது உண்டு.

4. பாகு கெட்டியாக இருந்தால் கற்கண்டு விரைவில் விழும். அதுபோல, புரதத்தின் அளவு கூடினாலும் திரட்சி விரைவுபடும். பீட்டா அமிலாய்டு உருவாகும் தாய்ப் புரதத்தின் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டௌன் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அவர்களிடம் அல்சைமர் மாற்றங்கள் நாற்பது வயதுக்குள்ளேயே காணப்படுவதற்கு இதுவே காரணம்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை ஒரே விதமாகத்தான் படிகிறது. புரதம் ஒரே மணி வரிசையை வைத்துக்கொண்டே பல வடிவங்களில் அடுக்கப்படக்கூடியது. 2017 முதல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எடுத்த படங்களில், அல்சைமர் நோயாளியின் டௌ இழை ஒரு மடிப்பிலும், பிக் நோய் என்ற வேறொரு மறதி நோய் உள்ளவரின் டௌ இழை வேறு மடிப்பிலும் தெளிவாகத் தெரிந்தன. எந்த வடிவத்தில் வித்து விழுந்ததோ, அந்த வடிவமே நகலெடுக்கப்படுகிறது.

உயிரில்லாத ஒன்று நோயைக் கொண்டுபோகுமா?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னது பாப்புவா நியூகினியின் கிழக்கு மலைநாடு. அங்கே வாழும் ஃபோரே மக்களிடையே நடுக்கமும் தள்ளாட்டமுமாகத் தொடங்கி மரணத்தில் முடியும் குரு என்ற நோய், பெண்களையும் குழந்தைகளையும் மிகுதியாகக் கொன்றது. இறந்த உறவினரின் உடலை உண்பது அவர்களுடைய துக்கச் சடங்காக இருந்தது. மூளை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் போயிற்று. 1950களில் சடங்கு நிறுத்தப்பட்ட பிறகு பிறந்தவர்களுக்கு நோய் வரவில்லை. ஆனால் அதற்கு முன்பு உட்கொண்ட சிலருக்கு 50 ஆண்டுகளுக்குப் பிறகும் வந்தது. நோயாளியின் மூளைத் திசுவைச் சிம்பன்சியின் மூளைக்குள் செலுத்தினால் அதற்கும் நோய் வருகிறது என்று 1966இல் கார்ல்டன் கஜ்டுசெக் குழு காட்டியது.

மெதுவாக வேலை செய்யும் வைரஸ் என்றே அப்போது எண்ணினார்கள். ஆட்டுக்கு வரும் இதையொத்த நோயை ஆராய்ந்த டிக்வா ஆல்பர், மரபணுப் பொருளைச் சிதைத்துவிடும் கதிர்வீச்சைச் செலுத்தியும் நோய்ப்பொருள் சாகவில்லை என்று கண்டார். மரபணு இல்லாத நோய்ப்பொருளா என்ற திகைப்பு அங்கே தொடங்கியது. 1982இல் ஸ்டான்லி ப்ரூசினர், இது புரதம் மட்டுமே என்று வாதிட்டு அதற்குப் பிரியான் என்று பெயரிட்டார். கடுமையான கேலிக்குப் பிறகு 1997இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. பிரியான் புரதம் நம் எல்லோருடைய மூளையிலும் சாதாரண வடிவத்தில் இருக்கிறது. தவறாக மடிந்த வடிவம் அதைத் தொட்டுத் தன்னைப் போல ஆக்கிவிடுகிறது. வழக்கமான கொதிநீர் இதை அழிப்பதில்லை. உறைமோரைக் கொதிக்கவைப்பதற்கும் கற்கண்டைச் சுடவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மூளைக்குள் பரவும் வழி

அல்சைமர், பார்க்கின்சன் நோய்களும் இதே விதியில் நடக்கின்றன என்ற எண்ணம் வலுப்பட்டது கடந்த முப்பது ஆண்டுகளில். ஜெர்மானிய இணையர் ஹைக்கோ ப்ராக், ஈவா ப்ராக் இருவரும் இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக ஆராய்ந்து, டௌ சிக்குகள் ஓர் ஒழுங்கில் முன்னேறுகின்றன என்று 1991இல் காட்டினர். புதிய நினைவுகள் உள்ளே வரும் வாசலான பகுதியில் தொடங்கி, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸுக்குச் சென்று, கடைசியில் மூளையின் மேலடுக்கான புறணி முழுவதும் பரவுகின்றன. காலையில் இட்லி சாப்பிட்டதை மறந்துபோனவருக்குச் சிறுவயதில் நெல்லையப்பர் கோயில் ஆனித்தேர் இழுத்தது அச்சுப்பிசகாமல் நினைவில் நிற்பது இதனால்தான். பழைய நினைவுகள் சேமிக்கப்பட்ட பகுதிக்கு நோய் கடைசியாகவே வருகிறது. பார்க்கின்சன் நோயிலோ முகர்வு நரம்பின் குமிழிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் தொடங்கி, அதன் பின்னரே அசைவை ஆளும் கருந்திட்டுப் பகுதியை எட்டுகிறது என்று 2003இல் அதே ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தினர். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மணம் தெரியாமற் போவதும் மலச்சிக்கலும் வருவது இந்த வரிசையோடு பொருந்துகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, நோய் அருகில் உள்ள இடத்துக்குப் போவதில்லை. இணைப்புள்ள இடத்துக்குப் போகிறது. பாளையங்கால்வாயில் திறந்த தண்ணீர் தன் ஆயக்கட்டின் கடைசி வயல் வரை பல மைல் ஓடும்; கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நெல்லைக் கால்வாய் வயலை நனைக்காது. நரம்புச் செல்லின் நீண்ட வால் அப்படிப்பட்ட கால்வாய். வித்து அந்த வாலின் வழியே சென்று, முனையில் வெளியேறி, அங்கே தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்த செல்லால் உள்வாங்கப்படுகிறது.

மனித உடலிலிருந்தே கிடைத்த சான்று 2008இல் வெளிவந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருடைய மூளையில், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு, கருவிலிருந்து எடுத்த இளம் நரம்புச் செல்கள் பதிக்கப்பட்டிருந்தன. அவர்கள் இறந்த பின் பார்த்தபோது அந்த இளம் செல்களிலும் லூவி உருண்டைகள் இருந்தன. பத்துப் பதினைந்து வயதுச் செல்லுக்கு இந்த நோய் தானாக வர வழியில்லை. சுற்றியுள்ள பழைய செல்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே மிகப் பொருத்தமான விளக்கம். பின்னர் 2012இல், நலமான எலியின் மூளையில் ஓர் இடத்தில் மட்டும் ஆல்ஃபா சைனூக்ளின் இழைகளைச் செலுத்தியபோது, இணைப்புள்ள பகுதிகளுக்கு நோய் படிப்படியாகப் பரவியது.

இதைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. சில வகைச் செல்கள் இயல்பிலேயே அதிகம் உழைத்து அதிகம் பழுதாகின்றன. நோய் வரிசையாக வருவதில் அதற்கும் பங்கு உண்டு. நிறைய அமிலாய்டு படிந்த மூளையோடு, மறதி ஏதுமின்றி வாழ்ந்து மறைந்த முதியவர்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெரிய கட்டியைவிட, சில மூலக்கூறுகள் மட்டும் சேர்ந்த சிறு திரள்களே செல்லுக்கு அதிக நஞ்சு என்று பலர் கருதுகிறார்கள்.

அந்த 2024ஆம் ஆண்டுச் செய்தி சொன்னது என்ன?

பிரிட்டனில் 1959 முதல் 1985 வரை, வளர்ச்சி குன்றிய 1,848 பேருக்கு, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோன் ஊசியாகப் போடப்பட்டது. சுரப்பி மூளையின் அடியில் இருப்பது. பல்லாயிரம் சுரப்பிகளைச் சேர்த்து அரைத்ததில் சிலவற்றில் வித்துகள் இருந்தன. சிலருக்குப் பிரியான் நோய் வந்ததால் 1985இல் அம்முறை கைவிடப்பட்டது. அந்த ஊசி போடப்பட்டவர்களில் எட்டுப் பேரை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, ஐந்து பேருக்கு அல்சைமர் நோயோடு ஒத்துப்போகும் அறிகுறிகள் 38 முதல் 55 வயதுக்குள் தொடங்கியிருந்தன. அந்த வயதில் பொதுவாக வராத நோய் இது.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியவை இவை.

1. இருமல், எச்சில், வியர்வை, ஒரே தட்டு, ஒரே படுக்கை ஆகியவற்றால் அல்சைமரோ பார்க்கின்சனோ தொற்றுவதில்லை. அந்த ஆய்வாளர்களே இதைத் தெளிவாகக் கூறினர்.

2. வித்து வெளியிலிருந்து வர வேண்டுமானால் மூளை சார்ந்த திசு, ஊசி வழியாகவோ அறுவைக் கருவி வழியாகவோ உடலுக்குள் செல்ல வேண்டும். இன்றைய வளர்ச்சி ஹார்மோன் ஆய்வகத்தில் செய்யப்படுவது. அதில் மனித மூளைக்கு இடமில்லை. பாடம் இருப்பது மூளை அறுவைக் கருவிகளைத் தூய்மை செய்யும் முறைக்குத்தான்.

3. குடும்பத்தில் பலருக்கு மறதி நோய் வருவது தொற்றினால் அன்று. அபோ-இ4 போன்ற மரபணு வடிவங்களும் பொதுவான வாழ்க்கைச் சூழலும் அதற்குக் காரணமாகலாம்.

நெல்லை வீட்டில் அப்பாவுக்குச் சோறு ஊட்டும் மகளுக்கு இந்த ஆய்வால் எந்த ஆபத்தும் கூடவில்லை. தம்ளரைப் பிரித்து வைப்பதால் கூடுவது அப்பாவின் தனிமை; தனிமையோ மறதி நோயின் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக எண்ணப்படுவது.

மருந்துகள் எந்த இடத்தில் கைவைக்கின்றன?

நடுக்குவாதத்துக்குப் பூனைக்காலி விதையைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறது. அவ்விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு. ஆங்கில மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையில் இருப்பதும் அதே பொருள். இரண்டும் செய்வது, செத்துப்போன செல்கள் சுரந்துவந்த, அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளின் குறைவை ஈடுகட்டுவது. நடுக்கமும் விறைப்பும் குறையும், திரட்சி நிற்காது. இரண்டையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்து உட்கொண்டால் அளவு கூடித் தீங்காகும்.

திரட்சியின் மேலேயே கைவைக்கும் மருந்துகள் அண்மையில் வந்தவை. அமிலாய்டைப் பற்றி அகற்றும் எதிர்ப்புரதமான லெக்கனெமாப்புக்கு 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்தது. அந்த எண்ணின் பின்னணி இது: 18 மாதம் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே, 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் 0.45 புள்ளி வேறுபாடு. மருந்து பெற்றவர்களில் எட்டில் ஒருவருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பெரும்பாலும் அறிகுறியில்லாமல் தணிந்தாலும், சிலருக்கு ஆபத்தானது. இழந்த நினைவு இதனால் திரும்புவதில்லை. ‘மூளைக் கழிவை நீக்கும்’ என்று விளம்பரம் செய்யும் லேகியங்களுக்கு இந்த அளவுக்கான சோதனைகூட நடந்ததில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அமிலாய்டு படியத் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தே மறதி வெளியே தெரிகிறது. அதனால் மருந்தைவிட, முன்கூட்டிக் கண்டறியும் சோதனையில்தான் இப்போது ஆர்வம் மிகுதி. அதிலும் ஒரு சோதனை, நோயின் சூழ்ச்சியையே நோய்க்கு எதிராகத் திருப்புகிறது. முதுகுத்தண்டு நீரில் சில துளிகளை எடுத்து, நலமான ஆல்ஃபா சைனூக்ளின் கரைந்துள்ள நீரில் விட்டு, விட்டுவிட்டுக் குலுக்குகிறார்கள். துளியில் ஒரு சிறு வித்து இருந்தாலும் போதும். கரைசல் முழுவதும் இழைகளாக மாறி, கூடச் சேர்த்த சாயம் ஒளிரத் தொடங்கும். குலுக்குவது இழைகளை உடைத்து முனைகளைப் பெருக்குவதற்காக. 2023இல் வெளியான, 1,123 பேரை உட்படுத்திய ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதத்தினரை இச்சோதனை சரியாக இனங்கண்டது. மணம் தெரியாமற் போனவர்களிடம் துல்லியம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.